கேட்டலாக் பேசிய பாஷை

நூலக வேலையில் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது சுலபம், வாசகர் தானே தேடிக்கொள்ளும்படி செய்வதுதான் பெண்டு நிமிர்த்தும் வேலை என்பது என்னைப்போல் கம்ப்யூட்டர் கேட்டலாக்கோடு மாரடித்தவர்களுக்குத் தெரியும்.

எந்த ஊர்த் தமிழ்?

ஆந்திர எல்லையிலுள்ள ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டியில் எங்கள் நூலகத்துக்குப் பஸ்ஸில் வருவார் ஸ்டெல்லா. பார்வை கிடையாது. போன வருடம் பழைய பாடத்திட்டப் புத்தகத்தைச் செல்போன் வாசிக்கக் கேட்டுப் படித்து, குரூப் ஃபோர் தேர்வில் கோட்டை விட்டார். அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்த புண்ணியவான் அடியேன்தான். வயது வரம்பு முடிகிறது, இதுதான் கடைசி வாய்ப்பு. "இந்த வாட்டி நானே தேடிக்கிறேன்" என்றார்.

திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டேன். எங்கள் தலைப்புகளெல்லாம் பழைய எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழ், உள்ளே வெறும் ஆங்கில எழுத்து. மென்பொருள் அதை ஜே, கே, பி, ஓ என்று ஒப்பித்தது. ஸ்டெல்லா ஹெட்போனைக் கழற்றினார்.

"நான் பார்டர்காரி, தெலுங்கும் தெரியும். இது அதுவும் இல்ல. இன்னா பாஷை சார் இது?"

தையல் கடை

இரண்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இப்போது தலைப்பு தமிழாகவே காதில் விழுந்தது. ஆனால் 'தேடு', 'அழி' பட்டன்கள் இரண்டும் பெயரில்லாத வெறும் படங்கள். மென்பொருள் எல்லாவற்றையும் "பட்டன், பட்டன்" என்றே சொல்ல, ஸ்டெல்லா தேடுவதாக நினைத்து, அடித்ததை அழித்துவிட்டார்.

"எங்கம்மா தையல் கடையிலகூட இத்தினி பட்டன் கெடையாது சார்."

ஒரு நிமிஷம்

பட்டன்களுக்குப் பெயர் வைத்து முடித்தபோது ஏழுமலை வந்தார். சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனியொன்றில் பிரஸ் மெஷினில் வலது கை விரல்களை இழந்தவர். இடது கையால் நிதானமாக அடிப்பார். எங்கள் கேட்டலாக்கின் தேடல் பக்கமோ ஒரு நிமிடத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். மூன்று தரம் மூடியது. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"அந்த மெஷினு வெரலதான் எடுத்துச்சு. உங்க மெஷினு அடிச்சதயும் எடுத்துகினு போவுதே."

உட்காருங்க

அந்த நேரக்கட்டுப்பாட்டையும் தூக்கினோம். அலமாரித் தட்டுகளில் பிரெய்லி எண் ஒட்டினோம். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஸ்டெல்லா வந்தார். தட்டினார், கேட்டார், பதிப்பு ஆண்டை இரண்டு தரம் கேட்டார். எழுந்தார். வழக்க தோஷம், நானும் எழுந்தேன்.

"ரெண்டாவது வரிசை, மூணாவது தட்டு, புதுப் பாடத்திட்டம். நீங்க உக்காருங்க சார், போன வாட்டி எடுத்துக் குடுத்ததே போதும்."

இத்தனை வருட சர்வீஸில் 'நீ ஒன்றும் செய்யாதே' என்று ஒருவர் சொல்லி, நான் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.