உடுப்பிட்டி அடைகல்

பண்ணிசைப் போட்டியில் எனக்கு முதலாமிடம் கிடைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் என் காதுக்குத் தனி மரியாதை. சுருதி ஒரு மயிரிழை பிசகினாலும் பிள்ளை கண்டுபிடித்துவிடும் என்று அம்மா சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். நானும் அதை நம்பிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி திரிந்தேன். ஆனால் அந்தக் காதை நம்பி ஒருவர் இரும்பு வாங்கப் போவார் என்று நினைத்திருக்கவில்லை.

அப்பா கொல்லுவேலை செய்பவர். போரில் இடம்பெயர்ந்திருந்து தெல்லிப்பழைக்குத் திரும்பி வந்தபோது அவருடைய பட்டறையில் கூரையும் இல்லை, அடைகல்லும் இல்லை. காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்க அந்தக் கனத்த கட்டி இல்லாவிட்டால் பிறகென்ன தொழில்? ஒரு தண்டவாளத் துண்டை வைத்து வெங்காயத் தோட்டக்காரரின் மண்வெட்டிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். அடிக்கு அடி அது துள்ளும், அப்பா ஏசுவார். உடுப்பிட்டியில் ஒரு வீட்டில் பழைய சீமை அடைகல் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டதும் மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அடைகல்லின் உள்வெடிப்பைச் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். அப்பாவுக்கோ சம்மட்டிச் சத்தத்தில் கிடந்து காது மந்தமாகிவிட்டது. அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நாங்கள்தான் வாய்க்குள் கதைக்கிறோமாம். அதனால் காரணம் சொல்லாமல், வழியில் வல்லைவெளியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எனக்குப் பாடம் எடுத்தார்.

"நான் மூண்டு தட்டுத் தட்டுவன். கோயில் மணி மாதிரிக் கேட்டால் தண்ணி விடாய்க்குது எண்டு சொல்லு. உடைஞ்ச சட்டி மாதிரிக் கேட்டால் வீட்டை போவம் எண்டு சொல்லு. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வீட்டுக்காரம்மாவின் கணவரும் கொல்லர்தான். அவர் இறந்து இரண்டு வருடமாம். மகள் அறைக்குள் இருந்து சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். கொட்டிலுக்குள் பனங்குற்றியில் இருந்த அடைகல்லின் முகம் தெரியாதபடி சந்தனமும் குங்குமமும் காய்ந்து படிந்திருந்தது. வேலை நின்றுபோனாலும் சரஸ்வதி பூசைக்கு அதற்குப் பொட்டு வைப்பதை அந்த அம்மா நிறுத்தவில்லை.

"கழுவிப்போட்டு வடிவாப் பாருங்கோ தம்பி" என்றார்.

அப்பா பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்கிறீர்கள்! கழுவித் துடைத்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அதன் முகத்தைத் தடவினார். கொண்டுவரச் சொல்லியிருந்த என் பள்ளிக்கூட அடிமட்டத்தை வாங்கி நிறுத்தி, அதற்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். ஓரங்களை நகத்தால் சுரண்டினார். மண்ணெண்ணெய் பூசித் துடைத்துவிட்டு, எங்காவது கசிந்து வருகிறதா என்று காத்திருந்தார். பிறகு பெயாரிங் குண்டு ஒன்றை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டார். அது முக்கால் சாணுக்கு எழும்பி வந்தது. இரும்பில் உயிர் இருந்தால் குண்டு அப்படித்தான் திரும்பி வருமாம், செத்த இரும்பென்றால் விழுந்த இடத்திலேயே படுத்துவிடுமாம். இனி மிச்சம் என் காதுதான்.

வெறும் அடைகல்லில் சுத்தியல் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே அப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தட்டினார். முதல் தட்டிலேயே எனக்குப் புல்லரித்தது. அப்படி ஒரு நாதம்! மூன்றாவது தட்டு அடங்குவதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கொட்டில் கப்புக்காலைப் பிடித்தபடி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

பாவம், இதை விற்க அவருக்கு மனமில்லை என்று முடிவு கட்டினேன். பத்து வயதில் முடிவு கட்ட எவ்வளவு நேரம் வேண்டும்?

"அப்பா, வீட்டை போவம்" என்றேன்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. என்னை இன்னொரு தரம் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"என்ன தம்பி, குறை ஏதும் இருக்கே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வெளியிலை ஒண்டுமில்லை அக்கா. உள்ளுக்கை ஒரு வெடிப்பு இருக்குமோ எண்டுதான்..."

அந்த அம்மா அடைகல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவர் உயிரோடை இருக்கேக்கை ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே" என்றார். பிறகு, "மகளைக் கம்பசுக்கு அனுப்பவேணும் தம்பி. பாதி விலையெண்டாலும் தந்திட்டு எடுங்கோ. பழைய இரும்புக்காரன் நிறைக்குத்தான் கேக்கிறான்" என்றார்.

"அப்பா, தண்ணி விடாய்க்குது" என்று கத்தினேன். காதில் விழவில்லையோ, உண்மையான விடாய் என்று நினைத்தாரோ, அப்பா திரும்பவேயில்லை. அந்த அம்மாதான் ஓடிப்போய், தேசிக்காய் பிழிந்து, சீனியும் போட்டு, ஒரு பெரிய கிளாஸ் நிறையக் கொண்டுவந்து தந்தார். வெட்கம் கெட்டவள், முழுவதையும் குடித்தேன்.

அடைகல் பாதி விலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா அதை வருத்தக்கார நோஞ்சான் பிள்ளையைப் போல நடத்தினார். நடுவில் ஓங்கி அடிக்கமாட்டார், சம்மட்டிக்காரரையும் விடமாட்டார். மூன்று வருடம் கழித்து ஒரு கோயில் தேருக்கு அச்சாணியும் இரும்புப் பட்டங்களும் அடிக்கக் கேட்டு வந்தார்கள். அப்பா ஆசைப்பட்ட வேலை அது. "உந்தக் கல்லு தாங்காது" என்று திருப்பி அனுப்பிவிட்டு, அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அழுதழுது எல்லாவற்றையும் அவர் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன்.

அப்பா அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அடுத்த நாள் காலமை மிச்சக் காசை ஒரு கடித உறைக்குள் வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போனார். அந்த அம்மாவின் முன்னால் என்னையே சொல்ல வைத்தார். நான் சொல்லி முடித்து, ஏச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"அப்ப அதிலை வெடிப்பில்லையோ?" என்றுதான் அவர் கேட்டார்.

"இல்லை அக்கா. அருமையான கல்லு" என்றார் அப்பா.

"உண்மையாவே தம்பி?"

"கோயில் மணி மாதிரி எண்டு பிள்ளை சொல்லுது."

அவர் உறையைத் திரும்பியும் பார்க்காமல், கம்பஸ் விடுமுறைக்கு வந்திருந்த மகளை வீட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "பிள்ளை, இஞ்சை ஓடிவா. உன்ரை அப்பரின்ரை கல்லிலை ஒரு குறையும் இல்லையாம்." அவர் மறுபடியும் அழத் தொடங்கினார். மிச்சக் காசு கிடைத்துவிட்டது, பிறகும் ஏன் இந்த அம்மா அழுகிறார் என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன்.