கொடிக்காலில் நிரப்பிய படகு

தை மாதத்துக் காலை, ஆறு மணிக்கு என் வண்டியூர்ப் பட்டறையிலிருந்து கிளம்பினோம். லாரியின் முதுகில் பதினாறடிப் பாய்மரப் படகு. நாற்பது வயதான பைபர் உடம்பு. டிரைவர் பாண்டி அண்ணன், நான், படகின் சொந்தக்காரர் தூத்துக்குடி சேவியர் அண்ணாச்சி. ஓட்டிப் பார்க்கச் சோழவந்தானைத் தாண்டி ஒரு கண்மாய்க்குப் போகிறோம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

நான் பைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிறவள். பழுது பார்த்த படகு இதுதான் முதல். ஒழுகாமல் ஓடினால் அண்ணாச்சியின் மற்ற மூன்று படகுகளும் என்னிடம் வரும். ஒழுகினால் இதுவும் ஊர் திரும்பும். தொட்டிக்காரிக்கு எதற்கு இந்த ஆசை என்று சிரிக்க மதுரையில் ஆளுக்கா பஞ்சம்?

தல்லாகுளம் சிக்னலில் பைக்கில் வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, எந்தக் கோயில் சப்பரம்?"

"தண்ணில போற சப்பரம். வழி விடுங்கண்ணே!" என்றார் பாண்டி அண்ணன்.

சமயநல்லூரில் டீ பதினைந்து ரூபாய். செய்த வேலையை அங்கே அண்ணாச்சிக்குச் சொன்னேன். மேல்தளத்தைத் தட்டினால் பொத்துப் பொத்தென்று கேட்டது. பைபர் தகடுகளுக்கு நடுவே இருந்த மரம் ஊறி மக்கியிருந்தது. சுரண்டி எறிந்துவிட்டுத் தண்ணீர் குடிக்காத நுரைப்பலகை வைத்து மூடினேன். கயிறு கட்டும் கொக்கிகளின் அடியில் சின்ன வாஷருக்குப் பதில் உள்ளங்கை அகல அலுமினியத் தகடு. இழுக்கிற பாரம் பரவிவிடும், தளம் விரிசல் விடாது. அண்ணாச்சி லாரியில் ஏறி, கொக்கி ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

சோழவந்தானில் தெரிந்தவர் ஒருவரின் வெற்றிலைக் கொடிக்காலில் நிறுத்தினோம். பம்புசெட் குழாயைப் படகுக்குள் போட்டேன். அண்ணாச்சி துள்ளிவிட்டார்.

"ஏம்மா, படகுக்குள்ளயே தண்ணி விடுதியளே!"

"ஓட்டை இருந்தா வெளிய இருந்து உள்ள வார தண்ணி, உள்ள இருந்து வெளிய வராதா அண்ணாச்சி? தொட்டிய இப்பிடித்தான் பாப்போம்."

முழங்கால் அளவு நிறைந்ததும் லாரித் தட்டில் படகுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். படகு பக்கவாட்டில் இழுபடாமலிருக்க நடுவே ஒரு பலகையை இறக்குவார்கள். அந்தப் பலகைப் பெட்டியின் மூலையில் சொட்டு.

"ஒழுகும்னு நெனச்சேம்லா?" என்றார் அண்ணாச்சி.

"இம்புட்டுத்தானே! கண்மாயில தெரியிறதுக்கு இங்கயே தெரிஞ்சிருச்சு."

தண்ணீரை இறைத்து, துடைத்து, காயவைத்து, தேய்த்து, பைபர் ஒட்டினேன். எங்கள் ஊர் வெயிலை எல்லோரும் திட்டுவார்கள். அன்று மதியத்துக்குள் ஒட்டியதைக் கல்லாக்கிக் கொடுத்தது அதுதான். மறுபடி நிரப்பினோம். சொட்டு இல்லை. தண்ணீரை இறைத்து, துடைத்துவிட்டுக் கிளம்பினோம்.

மூன்று மணிக்குக் கண்மாயில் இறக்கினோம். அண்ணாச்சி தனியாகவே ஏறினார். காற்று கொஞ்சம்தான், ஆனால் பாய் புடைத்தது. கரையில் ஆடு மேய்த்தவர்கள் விசிலடித்தார்கள். அடி ஆத்தீ, நான் செய்தது ஓடுகிறது! வெட்கமில்லாமல் கத்தினேன்.

நாலு சுற்றுச் சுற்றிக் கரை சேர்ந்ததும் அண்ணாச்சி அடிப்பலகையைத் தூக்கி, வெள்ளைக் கைக்குட்டையால் மூலை மூலையாகத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை நனையவில்லை. போனை எடுத்தார்.

"ஏல, மத்த மூணையும் லாரில ஏத்து. ஆமா, மதுரைக்குத்தான். கடல் இல்லன்னா என்னல? படகு பாக்கத் தெரிஞ்சவ்வொ இங்கதான் இருக்காவ."