அக்காவின் ஐந்து கட்டுரைகள்

அக்காவின் கட்டுரைகளை யாரோ திருடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

எந்த ஆராய்ச்சிக் கட்டுரையை யார் எழுதினார், எங்கே வந்தது என்று பட்டியலிடும் திறந்த இணையதளம் ஒன்று இருக்கிறது. தவறு கண்டால் யாரும் திருத்தலாம். கல்லூரியில் எனக்குத் தொற்றிக்கொண்ட வேலை. சம்பளம் கிடையாது, திமிர் மட்டும் உண்டு. கல்யாணமாகிக் கலசப்பாக்கம் போன அக்கா, எங்கள் மலைச் சாமையைப் பற்றி எழுதிய ஐந்தையும் அவள் பக்கத்தில் சேர்த்தவன் நான்தான். கல்லூரி வேலைக்கான நேர்காணலுக்கு அந்தப் பக்கத்தைத்தான் காட்டப் போகிறாள்.

நான்கு நாள் இருக்கும்போது பார்க்கிறேன், பக்கம் காலி. அதே பெயர், வேறு இனிஷியல் உள்ள ஒரு பக்கத்துக்கு ஐந்தும் போயிருந்தன. அக்காவோடு படித்தவள் ஒருத்திக்கு அதே பெயர், அந்த இனிஷியல். எனக்கு அவளை அப்போதே பிடிக்காது.

எங்கள் மலையில் காவலூர் பஸ் ஸ்டாப்பில்தான் போன் சிக்னல் நிற்கும். அங்கே உட்கார்ந்து திருப்பி மாற்றினேன். மறுநாள் மறுபடி போயிருந்தன. மாற்றிய கணக்கில் பெயர் இல்லை, வெறும் எண்கள். விடுவேனா? மூன்றாம் நாள் 'இவர் கட்டுரைத் திருடி' என்று குறிப்பு எழுதிப் புகார் கொடுத்தேன். தளத்தைக் கவனிக்கும் தன்னார்வலர்கள் இரண்டு பக்கங்களையும் பூட்டிவிட்டார்கள்.

மாலையில் அக்கா போன் செய்தாள்.

"டேய், எவனோ என்னைத் திருடின்னு எழுதி வச்சிருக்கான்."

"உன்னை இல்லக்கா. உங்கூடப் படிச்சாளே, அவளை. எழுதுனதே நான்தான்."

"அது நான்டா."

"இன்னா?"

"ஆதார்ல இப்ப மாமா இனிஷியல்தானே இருக்குது. பேப்பர்லயும் அதே இருக்கணுமேன்னு புதுப் பக்கம் தொறந்து மாத்துனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"நீதான் பெரிய ஆபீசராச்சே. தொட்டாலே கத்துவ."

"மாமா மாத்தச் சொன்னாரா?"

"போலீஸ் வேலை போதும். மொதல்ல அந்தத் திருடியை எடு."

மன்னிப்புக் கேட்டு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று தன்னார்வலர்களுக்கு எழுதினேன். நேர்காணலன்று காலையில் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கினார்கள்: அப்பா இனிஷியல் மேலே, மாமா இனிஷியல் கீழே. ஆனால் யார் என்ன மாற்றினார் என்ற வரலாறு அழியாது. நேர்காணலில் ஒருவர் அதையும் தோண்டியிருக்கிறார்.

"யாரும்மா உங்களைத் திருடின்னு எழுதுனது?"

"என் தம்பிங்க சார்."

எல்லாரும் சிரித்தார்களாம். வேலை கிடைத்துவிட்டது.

மாமா மாற்றச் சொன்னாரா என்று கேட்டதற்கு மட்டும் அவள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆள் மேல் ஒரு கண் இருக்கிறது.