இல்லாத சகோதரனுக்கு ஒரு ஜெபக் குறிப்பு

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க!" என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரே அறைத் தடுப்புக்குப் பின்னால் ஓடுகிறார் அக்கா. பொத்தானை அழுத்துகிறார். "ம், விடுங்க." அடுத்த நோயாளி சட்டையைக் கழற்றி நிற்பதற்குள், மேசைமேல் திறந்து கிடக்கும் நோட்டில் கதை இரண்டு வரி ஏறிவிடும். ஒருநாள் எழுத்து ருசியில் 'விடுங்க' சொல்ல மறந்துபோனார். ஒரு பெரியவர் முகம் சிவந்து, தானே மூச்சை விட்டு, "ஏம்மா, என்னை நேரா பரலோகத்துக்கே அனுப்பப் பார்த்தியா?" என்று சத்தம் போட்டாராம்.

எங்கள் சபையில் இவருக்கு எக்ஸ்ரே அக்கா என்றுதான் பெயர். சபையின் மாதப் பத்திரிகையில் பதினாலு மாதமாகத் தொடர்கதை எழுதுகிறார். அதைப் பிழை பார்த்து அச்சுக்கு அனுப்புவது அடியேன் வேலை. அத்தியாயம் கைக்கு வந்தால் பிழையாவது ஒன்றாவது! கதைக்குள் போய்விடுவேன். அப்படி எழுதுவார், மனுஷி!

கதையில் ஒரு தச்சர், குடிகாரர். வேறு யாராவது எழுதினால் கடைசி அத்தியாயத்தில் அவரை முழங்காலில் நிறுத்தி, அழவைத்து, ஆமென் போட்டு முடித்திருப்பார்கள். அக்காவுக்கு அது ஆகாது. "நேத்து வரைக்கும் குடிச்சவரு இன்னைக்குப் பாட்டுப் பாடுறாருன்னா யாருங்க நம்புவா? ஆண்டவர் பேரைச் சொல்லிக்கிட்டு அரைகுறையா எழுதலாமா?" என்பார். அதற்காகக் கெட்டவனைக் கரித்துக்கொட்டவும் மாட்டார். "அவனுக்காக ஜெபிக்க முடியலைன்னா, அவனைப் பத்தி எழுத எனக்கு என்ன உரிமை இருக்கு?"

சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். போன வியாழன் மாலை ஜெபக்கூட்டத்தில் குட்டு உடைந்தது.

கடைசி அத்தியாயம் ஒட்டிய கவரில் என் கையில் இருந்தது. "தச்சர் செத்துருவாருங்க. வேற வழி தெரியலை" என்று அக்கா காதைக் கடித்திருந்தார். மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டும். எப்போது கூட்டம் முடியும், கவரைப் பிரிக்கலாம் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து கேன்டீன்காரம்மா எழுந்தார். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"குடியை விட முடியாத ஒரு சகோதரனுக்காக ஒரு வருஷமா ஜெபிக்கிறோமே, அவரு இப்ப எப்படி இருக்காரு?"

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். சகோதரனின் பெயரைச் சொல்லாமல் அந்த ஜெபக் குறிப்பைக் கொடுத்தவர் அவர்தான். எனக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. அடக் கடவுளே, தச்சர்! இல்லாத ஆளுக்காக ஒரு சபையே முழங்கால் தேய்த்திருக்கிறது!

ஒரு வரி புளுகியிருந்தால் தப்பித்திருக்கலாம். அக்கா எழுந்து நின்றார். "மன்னிச்சிருங்க. அப்படி ஒருத்தர் இல்லை. அவரு என் கதையில வர்ற தச்சர். நான் ஒருத்தி ஜெபிச்சாப் பத்தாதுன்னு தோணிச்சு..."

பாஸ்டர் சிரிப்பை இருமலாக மாற்றினார். மற்றவர்கள் சிரித்தேவிட்டார்கள். கேன்டீன்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தேனே" என்றார். "எங்க வீட்டுக்காரரைப் பத்தி இங்க சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்த சகோதரனைச் சாக்கா வெச்சு இவருக்கும் சேர்த்துக் கேட்டுக்கிட்டேன். கதையில அவரு கடைசியில என்ன ஆகுறாரு? செத்துப்போறாரா?"

அக்கா மெல்லத் தலையாட்டினார்.

"எங்க வீட்டுக்காரரு நாலு தடவை குடியை விட்டாரும்மா. நாலு தடவையும் திரும்பக் குடிச்சாரு. இப்ப அஞ்சாவது தடவை விட்டு ஒன்பது நாள் ஆகுது. காலையில காபி டம்ளரைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும், அப்பவும் சிந்துது. ஆனா சாகலைம்மா."

அக்கா விறுவிறுவென்று என்னிடம் வந்து கவரைப் பிடுங்கினார். அச்சகத்துக்காரர் என்னை உயிரோடு விடப்போவதில்லை என்று தெரிந்தும் கொடுத்துவிட்டேன். கேன்டீன்காரம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, கவரைக் கிழித்து, எழுதியிருந்த தாளை வெற்றுப் பக்கம் மேலே வர மடியில் போட்டு, பேனாவை எடுத்தார்.

"இந்த ஒன்பது நாளைத் தச்சருக்கு எழுதலாமாம்மா?"

கேன்டீன்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் வேதாகமத்தை மூடி, அக்காவின் தாளுக்கு அடியில் தாங்கலாக நகர்த்தி வைத்தார்.