ஜித்தாவிலிருந்து வந்த சின்னக் கிளாஸ்

கொழும்பில் என் மேசை முழுக்க அரபு நாடுகள்தான். எந்த நாட்டில் அணை கட்டுகிறார்கள், எந்த அமைச்சருக்கு யாரோடு கோபம் என்று தேடிப் படித்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. அந்தக் கோப்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாஸ் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும், விளிம்பில் பூசிய பொன்வர்ணம் பாதி போய்விட்டது. எந்தத் தூதர் தந்தது என்று வருகிறவர்கள் மரியாதையோடு கேட்பார்கள். மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து டீமேக்கர் தந்தது என்றால் யாரும் நம்புவதில்லை.

சூயஸ் கால்வாய் அடைபட்டுத் திறந்த காலம். அந்தத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கர். டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தேயிலைத் தொழிற்சாலையை நடத்தியது சம்பளத்துக்கு. அரபு நாடுகளை ஆராய்ந்தது ஆசைக்கு. பத்திரிகைத் துண்டுகளை வெட்டி வெட்டி ஒரு நோட்டுக் கொப்பியில் ஒட்டுவார். ஹட்டனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஹாஜியார் மக்காவிலிருந்து திரும்பியபோது எல்லாரும் நலம் விசாரிக்கப் போனார்கள். இவர் மட்டும் கொப்பியோடு போய், அங்கே தேநீருக்குப் பால் ஊற்றுகிறார்களா, சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார். "என்ன ஐயா, அந்த ஊருல சம்பந்தம் பேசப் போறீங்களா?" என்று சிரித்த ஹாஜியார், ஜித்தாவில் வாங்கிய இந்தக் கிளாஸையும் கொடுத்துவிட்டார்.

அந்த வருடம்தான் தோட்டத்து மேலாளரான துரை, லண்டனுக்குத் தூள் தேயிலை போதும், பெரிய இலைத் தேயிலையை நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தினால் அதில் குச்சி பொறுக்கும் பெண்கள் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டும். அவர்களில் ஒருத்தி என் அம்மா. முழங்கால் வீங்கி, லயத்துப் படி ஏறவே சுவரைப் பிடிக்கிறவள். மலையேற முடியாதவளுக்கு வேலைப் பதிவில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால், அம்மா பேரில் தோட்டம் கொடுத்து நாங்கள் இருவரும் இருந்த லயத்து அறையும் போகும்.

ஐயா கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாலில்லாமல் கண்ணாடியில குடிக்கிற சனம், தம்பி, முதல்ல கண்ணாலதான் குடிக்கும். பெரிய இலையின்ர நிறம் தூளுக்கு வராது. இதையெல்லாம் டைப் அடியும்" என்றார். புதிதாகத் தலையெடுக்கும் அரபு நாடுகளோடு நாமே நேரில் உறவு வைக்க வேண்டும் என்று பதினாறு பக்கம் டைப் அடித்தேன். துரை புரட்டிக்கூடப் பார்க்காமல் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே யாரோ படித்திருக்கிறார்கள். சில மாதங்களில் ஓர் அரபு நாட்டு வர்த்தக அதிகாரி தொழிற்சாலையைப் பார்க்க வந்துவிட்டார்.

துரை பீங்கான் கோப்பையில் பால் கலந்து கொடுத்ததை அவர் ஒரு வாய் குடித்து வைத்துவிட்டார். ஐயா பெரிய இலைத் தேயிலையின் பால் கலக்காத சாயத்தை இந்தக் கிளாஸில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வந்தவர் முகம் மலர்ந்து கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து ஐயாவின் தொழில் புத்தி முந்திக்கொண்டது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டார். ருசி பார்க்க டீமேக்கர்கள் தினமும் செய்வதுதான். வந்தவருக்கு எப்படித் தெரியும்? விருந்தாளிக்குக் கொடுப்பதைக் கொடுக்கிறவனே துப்புகிறான்! நீட்டிய கை மடங்கிவிட்டது. எனக்கு அம்மாவின் முழங்கால்தான் கண்ணுக்குள் நின்றது.

ஐயா அந்தக் கையைப் பார்த்தார். உடனே அந்தக் கிளாஸை ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று ஊற்றிக் குடித்தார். மூன்றாவதையும் குடித்தார், கொதிக்கக் கொதிக்க, கண்ணில் நீர் வர. நாலாவதுக்குக் கேத்தலைச் சாய்த்தபோது வந்தவர் விழுந்து விழுந்து சிரித்துக் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டார். தனக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லி இங்கிலீஷில் கெஞ்சினார். போகும்போது பெரிய இலை ஒரு பெட்டி அவரோடு போயிற்று. பின்னால் ஆர்டரும் வந்தது. அம்மா கடைசிவரை உட்கார்ந்த இடத்திலேயே வேலை பார்த்தாள்.

நான் கொழும்பு வேலைக்குக் கிளம்பிய அன்று ஐயா இந்தக் கிளாஸை என் கையில் வைத்தார். முதல் லீவில் பெரிய இலைத் தேயிலை வாங்கிப் போய், இதில் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா லயத்து வாசலில் நின்று, கிளாஸைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தன வருசம் பொறுக்கிப் போட்டேனே, இதாடா அது?"

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது கழிவுத்தூள்தான். எங்கேயோ இருக்கிறவர்கள் எப்படிக் குடிக்கிறார்கள் என்று பதினாறு பக்கம் அடித்த எனக்கு, இவள் இதைக் குடித்திருக்கிறாளா என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மா அதற்குள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பாலு ஊத்துடா."

இப்போதும் சாயங்காலம் கோப்புகளை மூடியதும் இந்தக் கிளாஸில்தான் குடிக்கிறேன். பால் ஊற்றித்தான்.