மோட்டார் கொட்டகையில் ஊதிய குழல்

அக்காவின் கையிலிருந்து டீச்சர் குழலை வாங்கிக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பிடுங்கவெல்லாம் இல்லை, ரொம்பத் தன்மையாகத்தான் வாங்கினார். சேலைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்துப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் கையில் ஒரு முக்கோணக் கம்பியையும் அதைத் தட்டுகிற சின்னக் கோலையும் வைத்தார். "உனக்கு இது வராதும்மா. வராததைப் போட்டு எதுக்கு இழுத்துக்கிட்டு? இதைத் தட்டு, போதும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சின்னவளுக்கு ஞானம் இருக்கு" என்றார். அக்கா அப்போது ஒன்பதாம் வகுப்பு, நான் ஏழாம் வகுப்பு. பேண்டு வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குப் பெருமையில் காது சூடேறியது. அக்கா சரி என்று தலையை ஆட்டினாள்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பஸ் ஏறிப் போகிற தூரத்தில் பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே பேண்டில் சேர்ந்துவிட்டால் வெள்ளைச் சீருடை, தோளில் சிவப்புப் பட்டை, குடியரசு தினத்துக்குத் தஞ்சாவூர் மைதானத்தில் கலெக்டர் முன்னால் வாசித்துக்கொண்டு நடக்கலாம். அக்கா வாய்விட்டு எதையும் கேட்கிறவள் இல்லை. தீபாவளிக்கு என்ன துணி வேண்டும் என்றால்கூட "எதுவா இருந்தா என்ன" என்பாள். அப்படிப்பட்டவள் அம்மாவிடம் வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, பேண்டில் சேரட்டுமா என்பதுதான். அதுவும் டிரம் இல்லை, குழல். நான் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்ச் சேர்ந்தவள். எனக்கு ஆசையெல்லாம் அந்தச் சிவப்புப் பட்டையின் மேல்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு தொல்லை உண்டு. வேறு ஊரில் ஒரு பெண்ணுக்குப் பாட்டு வரவில்லை என்றால், வரவில்லை, அவ்வளவுதான். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவளுக்கு வரவில்லை என்றால் அது ஏதோ ஊனம் மாதிரி. "காவேரித் தண்ணியைக் குடிச்சுமா வரலை?" என்று சிரிப்பார்கள். நாங்கள் நாற்று நட்டுக் களையெடுக்கிற குடும்பம். கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்பதோடு எங்களுக்கும் சங்கீதத்துக்கும் இருந்த உறவு முடிந்தது. இருந்தாலும் அந்தத் தண்ணீர்க் கணக்கு எங்களையும் விடாது. வந்தால் ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள், வராவிட்டால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். நடுவில் பழக்கம் என்று ஒன்று இருப்பதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கும் ஒரு குழல் கிடைத்தது. வீட்டுக்குக் குழலைக் கொண்டுபோய்ப் பழக டீச்சர் எங்கள் இரண்டு பேருக்கும் அனுமதி கொடுத்திருந்தார். முதல் நாள் அக்கா கொல்லையில் நின்று ஊதியதும் அம்மா ஓடிவந்தாள். அம்மா கெட்டவள் இல்லை, ஊருக்குப் பயந்தவள். அக்கா வயதுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "பெரியமனுஷியா ஆனவ தெருவுக்குக் கேக்குற மாதிரி ஊதிக்கிட்டு நின்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றாள். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே ஒரு வழியும் சொன்னாள். "மோட்டார் கொட்டகைக்குப் போயி ஊது. மோட்டார் ஓடுறப்ப ஊதினா வெளியில ஒரு பயலுக்கும் கேக்காது."

அன்றிலிருந்து அக்காவின் சங்கீதம் மும்முனை கரண்டு வரும் நேரத்தைப் பார்த்து நடந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்பப் போவார். அக்கா குழலைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தகரக் கூரை, நாலு பக்கமும் சுவர், நடுவில் அந்தப் பழைய மோட்டார். அதன் பக்கத்தில் நின்றால் நெஞ்செலும்பு அதிரும். ஒரு தடவை நான் எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க ஊதிக்கொண்டிருந்தாள். விரல்கள் சரியாகத்தான் போய்வந்தன. சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை, மோட்டார்தான் கேட்டது. கரண்டு வந்த ஒரு நாளைக்கூட அவள் விட்டதில்லை.

நானோ சின்னக் கழுதை. எனக்கு ஊருமில்லை, வெட்கமுமில்லை. வரப்பில் ஊதுவேன், மதகின் மேல் உட்கார்ந்து ஊதுவேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது ஊதுவேன். கேட்க நாராசமாக இருக்கும். "அந்தக் குட்டிகிட்டேருந்து அதைப் பிடுங்குங்கப்பா, மாடு கறக்க விடமாட்டேங்குது" என்று எதிர்வீட்டுப் பெரியப்பா தினமும் கத்துவார். யாராவது முகம் சுளித்தால் அந்த இடத்தில் மூச்சை மாற்றிப் பார்ப்பேன். சுளிக்காவிட்டால் அப்படியே வைத்துக்கொள்வேன். இதை நான் பயிற்சி என்று நினைத்ததே இல்லை, வம்பு என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து வாசித்தபோது அக்காவின் குழல் மட்டும் தனியாகக் கிறீச்சிட்டது. குழலில் மூச்சை அளவுக்கு மீறி விட்டால் சுரம் மேலே தாவிவிடும். டீச்சர் மெதுவாக ஊதச் சொன்னார். மெதுவாக ஊதினால் அவளுக்குக் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. பதறிப்போய் மறுபடி பலமாக ஊதினாள், மறுபடி கிறீச்சென்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் குழலை வாங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காதில் விழுந்ததை வைத்து முடிவு செய்தார். கொட்டகையில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

பள்ளி முடிக்கும்வரை அக்கா அந்தக் கம்பியைத் தட்டினாள். ஒரு தட்டுகூடத் தப்பியதில்லை, அதை யாரும் கவனிக்கவுமில்லை. அதன் பிறகு "எனக்கு வராது" என்பது அவளுக்குப் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. தையல் மிஷின் வராது, சைக்கிள் வராது, இங்கிலீஷ் வராது. கல்யாணமாகித் திருவிடைமருதூர்ப் பக்கம் போனாள். பிள்ளை பிறந்தபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "நீ பாடேன்டி, நான் பாடினா பயந்துக்கும்" என்று என்னைப் பாடச் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவள் மாமியார்கூடச் சிரித்தார்.

ஞானம் இருந்த நான் என்ன கிழித்தேன் என்று கேட்பீர்கள். பத்தாவதோடு குழலைத் திருப்பிக் கொடுத்தேன், அப்புறம் தொடவே இல்லை. சும்மா வந்ததைச் சும்மாவே விட்டுவிட்டேன். கும்பகோணத்தில் ஒரு ஆபீஸில் வேலை, வீடு, வீட்டுக் கடன். யாராவது பேண்டு வாசித்தால் நின்று கேட்பேன், அவ்வளவுதான்.

போன குறுவைக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்போது தம்பிதான் வயலைப் பார்க்கிறான். மோட்டார் மாறியிருக்கிறது, சத்தம் மாறவில்லை. மழை தூறியதால் கொட்டகைக்குள் ஒதுங்கினேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். பேசிக்கொண்டே இருக்கும்போது கரண்டு போய்விட்டது. மோட்டார் நின்றது, என் பேச்சு நிற்கவில்லை. அந்த நிசப்தத்தில் என் குரல் எனக்கே அடிதடிக்குப் போகிறவள் குரலாகக் கேட்டது. மறுமுனையில் மேனேஜர், "ஏன் மேடம் இவ்வளவு கத்துறீங்க?" என்றார். நான் கத்தவே இல்லை, சாதாரணமாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். ஐயோ, இதுதானா விஷயம் என்று இருந்தது. மோட்டாரைத் தாண்டித் தன் காதுக்கே கேட்க வேண்டும் என்றுதானே அக்கா அப்படி மூச்சைப் பிடித்து ஊதினாள்? அந்த மூச்சுதான் அவளுக்குப் பழகியது. மெல்ல ஊதினால் குழல் என்ன பேசும் என்று கேட்க அவளுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. டீச்சர் என்னிடம் கண்டுபிடித்த ஞானத்தில் பாதி எதிர்வீட்டுப் பெரியப்பாவின் வசவு. மீதி என்னவென்று எனக்குத் தெரியாது. பிறவியிலேயே ஏதோ கொஞ்சம் இருக்கலாம், இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் எனக்கு இருந்ததா, அக்காவுக்கு இருந்ததா என்று யாரும் பார்க்கவே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பொங்கலுக்கு அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன். நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் எனக்கு நினைப்பு.

"உனக்கு ஞானம் இல்லாம இல்லக்கா. நீ ஊதுனது உனக்கே கேக்கலை, அவ்வளவுதான். வெளியில நின்னு ஊதியிருந்தா என்னைவிட உனக்கு நல்லா வந்திருக்கும்."

அவள் சிரித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போடி, வேலையைப் பாரு."

நான் விடவில்லை. போன் வந்தது, கரண்டு போனது, மேனேஜர் கேட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல உரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"அம்மாதான் அங்க போயி ஊதச் சொல்லுச்சு" என்றாள்.

"ஆமாக்கா."

"பாவம், நல்லதுக்குத்தான் சொல்லுச்சு."

உரித்த மொச்சையை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வராதுன்னு நினைச்சுக்கிட்டு இத்தனை வருஷம் நிம்மதியாத்தானடி இருந்தேன். இப்ப வந்து, வந்திருக்கும்ங்கிறியே. இதை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்?"