டேங்க் மூடியின் ஓட்டை

பைக்கைப் பழைய இரும்புக்குப் போட்டபோது, பெட்ரோல் டேங்கின் மூடியை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். எடைக்கு எடுக்க வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த மூடி இன்றும் எங்கள் சமையலறை அலமாரியில், மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பளபளப்பெல்லாம் உரிந்து, ஓரம் துருவேறிக் கிடக்கும். நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வருகிறவர்கள் எதற்கு இந்தக் குப்பை என்று கேட்பார்கள். எனக்கோ, தூசி தட்ட அதைக் கையில் எடுத்தால் இப்போதும் கண் முதலில் அந்த ஓட்டைக்குத்தான் போகும்.

எண்பதுகளில் அவர் ஏற்காட்டு மலையில், மாரமங்கலம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். கணக்கு எழுதுவது, ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. கூலியாட்களின் லைன் வீடுகளுக்கு மேலே, தனியாக ஒரு ஓட்டு வீட்டில் நாங்கள் மூன்று பேர். பஸ் காலையில் வரும், சாயங்காலம் வரும். மழை பிடித்துக்கொண்டால் வந்தால்தான் உண்டு. எங்கள் ஒரே மகள் பாப்பாவுக்கு இழுப்பு. மழைக்காலம் தொடங்கி மூட்டம் இறங்கியதும் அவள் நெஞ்சில் விசில் கேட்க ஆரம்பிக்கும். ராத்திரியெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். ஊசி போட ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். போவதற்கு இருந்தது அந்தப் பைக் ஒன்றுதான். ஏற்கெனவே ஒருவர் ஓட்டித் தேய்த்த வண்டி. அதற்குத் தும்மல் வந்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் இறங்கி வண்டி இரண்டு நாள் படுத்துக்கொண்டது. நல்லவேளை, பாப்பாவுக்கு அப்போது ஒன்றும் இல்லை. ஆனால் அவர் பயந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் டேங்க் மூடிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைத் தொப்பி மாட்டுகிற மாதிரி மாட்டிவிடுவார்கள். இவருக்கு அது போதவில்லை. உர மூட்டையின் உள்பையை மூடி அளவுக்கு வட்டமாக வெட்டி, இரண்டு மடிப்பாக மூடிக்கு உள்பக்கம் வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி அழுத்தித் திருகினார். "இனி ஒரு சொட்டு எறங்காது புள்ள" என்று மூடியைத் தட்டிக் காட்டினார். எனக்கும் மனசு குளிர்ந்தது. இப்படி ஒரு கெட்டிக்கார மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் வண்டி படுத்த ஆரம்பித்தது. கிளம்பும்போது ஜோராகக் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும், அதுவும் ஏற்றத்தில், திணறித் திணறி நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்ததும் வாசலில் சாக்கை விரித்துக் கார்ப்பரேட்டரைக் கழற்றிவிடுவார். சாப்பாட்டுத் தட்டில் பிரித்துப் போட்டு, பெட்ரோலில் கழுவி, ஜெட் என்கிற பொடித் துளைக்குழாயை வாயில் வைத்து ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "இந்தத் தட்டுல இனி எவன் சாப்பிடறது?" என்று நான் கத்துவேன். எல்லாம் மாட்டியபின் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். உதைத்தால் வண்டி எடுத்துக்கொள்ளும். அன்றைக்குக் கடைசியாக எதைத் துடைத்தாரோ அதுதான் கோளாறு என்று முடிவு கட்டுவார். ஒரு வாரம் ஜெட், ஒரு வாரம் மிதவை, ஒரு வாரம் பிளக். அடிவாரத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவரும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதைத்தார். "கார்ப்பரேட்டரு கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. நீங்க நொம்ப பயப்படறீங்க ரைட்டரே" என்றாராம்.

ஒரு நாள் மத்தியானம் பாப்பாவுக்கு இழுப்பு வந்தது. எப்போதும் வருகிற மாதிரி இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிவிழ மூச்சை இழுத்தாள். வாயைச் சுற்றி ஒரு நீலம். பேசச் சொன்னால் பேச முடியவில்லை. சாயங்கால பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. அவளை நடுவில் உட்காரவைத்து என் புடவையால் எங்கள் மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். தூறலும் மூட்டமும். பத்தடி தாண்டினால் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. வழியெல்லாம் நான் மாதாவைக் கூப்பிட்டேனா, வண்டியைத் திட்டினேனா என்று எனக்கே தெரியாது.

ஏற்றத்தில், காட்டெருமைகள் ரோட்டைக் கடக்கிற வளைவில் வண்டி திணறியது. "வேண்டாம், வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். நின்றுவிட்டது. புடவை முடிச்சை அவிழ்த்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பின்னால் உருளாமல் இருக்கக் காலாலேயே ஒரு கல்லைத் தள்ளிச் சக்கரத்துக்குக் கொடுத்தேன். அவர் உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அது கை நழுவிச் சேற்றில் விழுந்தது. எடுத்து மாட்டினார். ஒன்றும் இல்லை. கார்ப்பரேட்டருக்குப் போகிற பெட்ரோல் டியூபைப் பிடுங்கினார். நாலு சொட்டு விழுந்து நின்றுபோயிற்று.

"பெட்ரோல் வரலயே... காலையிலதான ஊத்துனேன்" என்றார். அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது. அதற்கு முன் நான் அதைக் கேட்டதில்லை. நான் டேங்கை ஆட்டினேன். உள்ளே தளும்புகிற சத்தம் நன்றாகக் கேட்டது. பாப்பாவின் தலை என் தோளில் சாய்ந்தது. விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இழுப்பு வந்த பிள்ளைக்கு மூச்சு உள்ளே போகாமல்போனால் அந்தச் சத்தமும் அடங்கிவிடும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். இந்த ரோட்டில் என் பிள்ளை போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், அதே வார்த்தையில்.

"மூடியத் தொறந்து பாரு புள்ள, எவ்வளவு இருக்குது?" என்றார், டியூபை விடாமல்.

ஒரு கையால் பாப்பாவை அணைத்துக்கொண்டு மறுகையால் திருகினேன். ரப்பர் இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துத் திருப்பினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. அதே நொடியில் அவர் கையில் பெட்ரோல் கொட்டியது. குழாயைத் திறந்த மாதிரி ஒழுகிற்று.

அவர் என் கையைப் பார்த்தார். மூடியின் உள்பக்கம் இருந்த பிளாஸ்டிக் வட்டம், நடுவிலிருந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒட்டிக்கிடந்தது. பெட்ரோல் இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வருவதற்கு இருந்த ஒரே வழி அந்த ஓட்டை. அந்த உஸ் சத்தத்தை ஒவ்வொரு ஞாயிறும் கேட்டிருப்பார், பெட்ரோல் ஆவி என்று விட்டிருப்பார். பிளாஸ்டிக்கை நகத்தால் பிய்த்து எறிந்தார். டியூபை மாட்டி, மூடியைத் திருகி, உதைத்தார். எடுத்துக்கொண்டது. பாப்பாவோடு ஏறிக்கொண்டேன். "கண்ணு, அப்பா வந்துட்டன் சாமி, மூச்ச விடு, மூச்ச விடு" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். ஏற்காடு ஏரியைத் தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஊசி போட்டார்கள். வெகுநேரம் கழித்து மறுபடி விசில் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஓவென்று அழுதேன். டாக்டரம்மா, "இன்னுங் கொஞ்ச நேரம் ஆயிருந்தா..." என்று தொடங்கி, வாசலில் நின்ற இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இவரோ பெட்ரோல் நாற்றமடிக்கும் கைகளோடு உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார். அன்று நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதே இல்லை. ஆனால் வண்டி இருந்தவரைக்கும், எங்கே கிளம்பினாலும் முதலில் மூடியைக் கழற்றி ஓட்டையில் ஊசியை விட்டுப் பார்ப்பார். தண்ணீர் இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பாப்பா இப்போது சேலத்தில் இருக்கிறாள். இழுப்பு எப்போதோ போய்விட்டது. போனில் அவள் பேசும்போது நான் பேச்சைக் கேட்பதில்லை, பேச்சுக்கு நடுவே விடுகிற மூச்சைத்தான் கேட்பேன். "ஏம்மா, நான் சொன்னது கேட்டுச்சா இல்லியா?" என்று கோபித்துக்கொள்வாள்.

போன வாரம் கைக்குழந்தையோடு மலைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மத்தியானம் மூட்டம் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை இரண்டு முறை இருமியது. வெறும் இருமல்தான். "சளிம்மா, ஒண்ணுமில்ல" என்று மகள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் போய்க் குழந்தையின் முதுகில் காதை வைத்தேன். நிமிர்ந்தபோது அவரைக் காணவில்லை. சமையலறையில் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். துருப்பிடித்த அந்த மூடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க, தெரியுதுங்களா?"

"தெரியுது" என்றார். ஆனாலும் அலமாரியிலிருந்து ஊசியை எடுத்து ஒருமுறை விட்டுப் பார்த்தார்.